படைப்பணியிலிருந்து குடிமைப்பணிக்கு: முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பில் பெங்களூரு தரும் பாடம்

நம் நாட்டின் முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் ஓய்வு பெற்றோ விடுவிக்கப்பட்டோ வெளிவருகின்றனர். மத்திய அரசின் குடிமைப்பணி ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். படைவீரரில் பெரும்பாலோர் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே சீருடையைக் களைந்துவிடுகின்றனர். படை என்றும் இளமையோடிருக்க வேண்டும் என்பது நாட்டின் பாதுகாப்புத் தேவை. அத்தேவையின் விலையைக் கொடுப்பவர் தனிப்பட்ட வீரரும் அவருடைய குடும்பமுமே ஆவர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவம், பெற்றோர் முதுமையடையும் பருவம், வீடு கட்ட எண்ணும் பருவம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் வயதில் அவருடைய வருமானம் கடைசி ஊதியத்தின் பாதியளவான ஓய்வூதியமாகச் சுருங்குகிறது. அவருக்கு இரண்டாவது வேலை அவசியமாகிறது.

இந்த அவசியத்தை அரசு உணராமல் இல்லை. பணியிட ஒதுக்கீடு, வயதுத் தளர்வு, கல்வித் தகுதியில் சலுகை, ஓய்வுக்கு முந்திய பயிற்சி எனப் பல ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன. எனினும் ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பகுதி நிரம்புவதில்லை. இடம் இருந்தும் ஆள் சேராமலும், ஆள் இருந்தும் இடம் கிடைக்காமலும் போவது ஏன் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. இதற்கு விடை காணப் பெங்களூரு நகரைப் போல் வாய்ப்பான இடம் நாட்டில் வேறு அதிகமில்லை.

வரலாற்றுப் பின்னணி

இன்று வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் படித்து முடித்த இளைஞர் பதிவு செய்யும் இடம் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வமைப்பு படைவீரருக்காகவே தோன்றியது என்பது பலருக்கும் நினைவில்லாத செய்தி. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்தியப் படையின் எண்ணிக்கை சுமார் 25 லட்சமாக இருந்தது. போர் முடிந்ததும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களையும் போர்க்காலத் தொழிலாளர்களையும் குடிமை வாழ்வில் நிலைபெறச் செய்வதற்காக 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் நிறுவப்பட்டது. 1947இல் நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்தோரின் பொறுப்பும் அதனிடம் வந்தது. 1948 தொடக்கத்திற்குள் வேலைவாய்ப்புச் சேவை எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. 1950இல் தொழிற்பயிற்சியும் அவ்வாறே பொதுவாக்கப்பட்டது. 1956 நவம்பரில் இந்நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. வேலை தேடித் தருவதும் தொழில் கற்றுத் தருவதும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டிருந்தது. அமெரிக்க நாடு 1944இல் இயற்றிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டமும் இதே எண்ணத்தில் எழுந்ததே. அச்சட்டத்தின் உதவியால் சுமார் 78 லட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். வீரனுக்கு உதவித்தொகை அளிப்பதைக் காட்டிலும், உலகம் ஏற்கும் தகுதியை அளிப்பதே நிலைத்த பயன் தரும் என்பதற்கு அது சான்றாகும்.

படைநகரும் தொழில்நகரும்

பெங்களூருவின் தண்டுப் பகுதி 1809 முதல் படைநகராக வளர்ந்தது. அதனுடன் தமிழ் மக்களும் திரளாக வந்து குடியேறினர். அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் உள்ளது. 1780இல் தொடங்கிய மரபுடைய அப்பிரிவின் வீரர்கள் ‘தம்பி’ என்னும் அன்புப் பெயரால் இன்றும் அழைக்கப்படுகின்றனர். ராணுவ வழங்கல் படையின் மையமும் கல்லூரியும், ராணுவக் காவல் படையின் மையமும் பள்ளியும், பாராசூட் படைப்பிரிவின் பயிற்சி மையமும் இந்நகரிலேயே உள்ளன. விமானப் படையின் பயிற்சிக் கட்டளைத் தலைமையகமும், ஜாலஹள்ளியில் அதன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையங்களும் இங்கு அமைந்துள்ளன.

இதே நகரில் 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் இந்துஸ்தான் இயந்திரக் கருவிகள் நிறுவனமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், 1964இல் பாரத் மண்வாரி இயந்திர நிறுவனமும் தோன்றின. படையில் இயந்திரம், மின்கருவி, வானொலி ஆகியவற்றைக் கையாண்ட ஒருவருக்கு இத்தொழிற்சாலைகளின் மொழி அந்நியமானதன்று. பொருத்துநர், கடைசல்காரர், மின்பணியாளர், வானொலி இயக்குநர் என்று படையில் வழங்கிய தொழிற்பெயர்களே பெரும்பாலும் ஆலையிலும் வழங்கின. ஒருவர் எத்தொழில் செய்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்பதைக் கேட்டாலே அவரை எங்கே நிறுத்தலாம் என்று மேற்பார்வையாளர் அறிந்துகொள்ள முடிந்தது.

பின்னர் நிலைமை மாறியது. பொதுத்துறை ஆலைகளில் ஆட்சேர்ப்புக் குறைந்தது. சில பிரிவுகள் மூடப்பட்டன. இந்துஸ்தான் இயந்திரக் கருவிகள் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழில் 2016இல் முடிவுக்கு வந்தது. நகரின் புதிய வேலைகள் மென்பொருள், தகவல் தொடர்பு, நிதி, கிடங்கு மற்றும் சரக்குப் போக்குவரத்து, கட்டட நிர்வாகம் ஆகிய துறைகளில் பெருகின. இத்துறைகளில் ஆள் தேர்ந்தெடுப்போர் முதலில் பார்ப்பது பட்டம், சான்றிதழ், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தன்விவரக் குறிப்பு ஆகியவற்றையே. கையில் தொழில் இருந்தும் காகிதத்தில் அது இல்லாதவர் முதல் சல்லடையிலேயே நின்றுவிடுகிறார்.

ஒதுக்கீடும் அதன் எல்லையும்

மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களில் 10 சதவீதமும், ‘டி’ பிரிவில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கென ஒதுக்கப்பட்டன. பொதுத்துறை நிறுவனங்களிலும் தேசிய வங்கிகளிலும் இவ்வளவு முறையே 14.5 சதவீதமும் 24.5 சதவீதமும் ஆகும். இவற்றில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் வீரருக்கும், போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கும் உரியது. துணை ராணுவப் படைகளில் உதவிக் கமாண்டன்ட் பதவிகளில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு.

இவை காகிதத்தில் உள்ள அளவுகள். நடைமுறை எவ்வாறு உள்ளது? மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் தொகுத்த விவரப்படி, 2021 ஜூன் 30 அன்று, விவரம் அளித்த மத்திய அரசுத் துறைகளின் ‘சி’ பிரிவு ஊழியருள் முன்னாள் படைவீரர் 1.29 சதவீதமே. ‘டி’ பிரிவில் அவர்கள் 2.66 சதவீதம். போதிய எண்ணிக்கையில் விண்ணப்பம் வருவதில்லை, வந்தாலும் தகுதி பெறுவதில்லை என்பதே துறைகள் கூறும் விளக்கமாகும்.

இதனுடன் மற்றொரு மாற்றத்தையும் சேர்த்துக் காண வேண்டும். ஆறாவது ஊதியக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து ‘டி’ பிரிவு ‘சி’ பிரிவுடன் இணைக்கப்பட்டது. காவல், துப்புரவு, தோட்டப் பராமரிப்பு முதலிய பல வேலைகள் ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போயின. அதிகப் பள்ளிப்படிப்பு இல்லாத வீரர் எளிதில் நுழையக்கூடிய வாயில் இதனால் குறுகியது. எஞ்சிய ‘சி’ பிரிவுக்கு எழுத்துத் தேர்வு, கணினி அறிவு, தட்டச்சு ஆகியன வேண்டியுள்ளன. 19 வயதில் படையில் சேர்ந்து எல்லையிலும் முகாமிலும் 20 ஆண்டு கழித்த ஒருவர், பயிற்சி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் படித்துவரும் இளைஞரோடு தேர்வுக்கூடத்தில் அமர வேண்டியவராகிறார்.

மாநிலப் பணிகளிலும் இதையொத்த சிக்கல் உண்டு. கர்நாடக அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உள்ளது. ஆனால் அங்கு கன்னட மொழித் தேர்ச்சியும் தேவை. பிள்ளைகளின் படிப்பையும் மருத்துவ வசதியையும் கருதிப் பெங்களூருவிலேயே தங்கிவிடும் தமிழ் வீரர், கன்னடம் பேசப் பழகியிருந்தாலும் எழுதப் பழகியிருப்பதில்லை. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பினால் மொழி இடர்ப்பாடு நீங்கும். ஆனால் அவருடைய தொழிலுக்கு ஏற்ற ஆலையோ நிறுவனமோ அங்கு இருப்பது அரிது. நகரில் தங்குவதா, ஊருக்குத் திரும்புவதா என்ற முடிவை ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னரே எடுத்து, அதற்கேற்ப மொழியையோ தொழிலையோ கற்றுக்கொள்வதே அறிவுடைமையாகும்.

விதிகளைச் சரியாக அறிதல்

உரிய விதிகளை அறியாமையால் இழக்கும் வாய்ப்புகளும் குறைவல்ல. மத்திய அரசுப் பணிகளுக்கு 1979ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகள் அடிப்படையாக உள்ளன. அவற்றுள் மாணவரும் அலுவலரும் தெளிவாக அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, வயது. ஒருவருடைய வயதிலிருந்து அவர் படையில் பணிபுரிந்த காலத்தைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் எண், அப்பதவிக்குரிய உச்சவரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாவிடில் அவர் தகுதியுடையவர். எடுத்துக்காட்டாக, 43 வயதுடைய ஹவில்தார் ஒருவர் 24 ஆண்டுகள் பணிபுரிந்தவர் எனக் கொள்வோம். 43இலிருந்து 24ஐக் கழிக்க 19 கிடைக்கிறது. பதவியின் வயது வரம்பு 27 என்றால் அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். வயது கடந்துவிட்டது என்று தாமே எண்ணி ஒதுங்குவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கல்வி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோ ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ பெற்று, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணிபுரிந்தவர், பட்டம் தேவைப்படும் ‘சி’ பிரிவுப் பதவிகளுக்கும் தகுதியுடையவராகக் கருதப்படலாம். ஆனால் தொழில்நுட்ப அல்லது சிறப்புத் தொழில் அனுபவம் இன்றியமையாத பதவிகளுக்கு இச்சலுகை பொருந்தாது. இது வேலைக்கான சமநிலையே தவிர, பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. தனியார் நிறுவனம் இதை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, காலம். ஓய்வு பெறும் நாளுக்கு ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்க இடமுண்டு. தேர்வு அறிவிப்புக்கும் பணி நியமனத்துக்கும் இடையே பல மாதங்கள் கழியும் நம் நாட்டில், இந்த ஓராண்டைப் பயன்படுத்தாதவர் வருமானமின்றிக் காத்திருக்க நேரிடும்.

நான்காவது, ஒதுக்கீட்டை ஒருமுறை பயன்படுத்துதல். அரசுப் பணி ஒன்றில் ஒதுக்கீட்டின் வழியே சேர்ந்தவுடன் அடுத்த வேலைக்கான ஒதுக்கீட்டுரிமை முடிவடைகிறது. ஆனால் அப்பணியில் சேருமுன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்து, சேரும்போது அவ்விண்ணப்பங்களின் விவரத்தை எழுத்தில் அறிவித்திருந்தால், அவற்றுக்கு அவ்வுரிமை தொடரும் என 2014இல் மத்தியப் பணியாளர் துறை தெளிவாக்கியது. கிடைத்த முதல் வேலையை ஏற்றதனால் நல்ல வேலையை இழந்தவர்களுக்கு இவ்வோர் அறிவிப்புக் கடிதம் உதவியிருக்கும்.

ஓய்வூதியம் குறித்த அச்சத்தையும் இங்கே போக்கலாம். ஆணைபெற்ற அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட நிலையில் ஓய்வு பெற்றவர் அரசுப் பணியில் மீண்டும் அமரும்போது, புதிய ஊதியத்தை நிர்ணயிப்பதில் அவருடைய படை ஓய்வூதியம் முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. வேலைக்குச் சென்றால் ஓய்வூதியம் போய்விடும் என்ற எண்ணம் தவறானது.

வாயிற்காவல் ஒன்றே வழியா?

பெங்களூருவின் தொழிற்பூங்காக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாயிற்காவல் புரிவோருள் முன்னாள் படைவீரர் பலரைக் காணலாம். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. காவலரை அமர்த்தும்போது படையில் பணிபுரிந்தோருக்கு முன்னுரிமை தரலாம் என்று அது கூறுகிறது. மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகமும் முன்னாள் படையினர் நடத்தும் பாதுகாப்பு முகமைகளைப் பதிவு செய்து பரிந்துரைக்கிறது. அவ்வியக்குநரகத்தின் வேறு பல திட்டங்களான நிலக்கரி ஏற்றுதல், எரிவாயு நிரப்பு நிலைய நிர்வாகம், பால் விற்பனை நிலையம் ஆகியன பெரும்பாலும் சுரங்கப் பகுதிகளையும் தலைநகர் வட்டாரத்தையும் சார்ந்தவை. ஆகவே தென்னாட்டு நகரில் வாழும் வீரருக்கு எளிதில் எட்டும் வழியாகக் காவல் வேலையே எஞ்சுகிறது.

காவல் வேலை மதிப்பிற்குரியதே. அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் ரேடார் கருவியைப் பழுது பார்த்தவரும், பாலம் கட்டியவரும், நூற்றுக்கணக்கான வீரருக்குரிய உணவுப்பொருள்களைக் கணக்கு வைத்துக் காத்தவரும் ஒரே வாயிலில் ஒரே வேலையில் நிற்பது நாட்டுக்கு இழப்பாகும். அவர்களைப் பயிற்றுவிக்கச் செலவிட்ட பொதுப்பணமும் ஆண்டுகளும் அவ்வாயிலில் பயனற்றுப் போகின்றன. அலுவலகத்தின் பார்வையில் அவர்கள் அனைவரும் ‘முன்னாள் ராணுவத்தார்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர்களிடையே உள்ள தொழில் வேறுபாட்டைக் காட்டும் சான்று எதுவும் மேசையின் மீது இல்லை.

தொழிலை மொழிபெயர்த்தல்

நம் ஆய்வின் மையக் கருத்து இதுவே: படைவீரரிடம் திறமை குறைவில்லை, அத்திறமை குடிமை உலகம் படித்தறியக்கூடிய எழுத்தில் இல்லை. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

பொறியாளர் படைப்பிரிவில் மண்வாரி இயந்திரம் இயக்கியவர், நில அளவை செய்தவர், மின்னிணைப்பும் குழாய்ப் பணியும் அறிந்தவர் உள்ளனர். 2011இல் ஓடத் தொடங்கிய பெங்களூரு மெட்ரோ இரயிலின் விரிவாக்கப் பணிகளுக்கும், நகரின் கட்டட நிர்வாக நிறுவனங்களுக்கும் இத்தகையோரே வேண்டும். ஆயினும் ‘சாப்பர்’ என்ற சொல்லைக் கண்டு எந்த நிறுவனமும் நில அளவையாளரை நினைப்பதில்லை.

வழங்கல் படையில் பண்டகக் காப்பாளராக இருந்தவர் இருப்புக் கணக்கு, கெட்டுப்போகும் பொருளின் காலவரம்பு, வண்டிகளின் ஏற்றியிறக்கல் ஆகியவற்றை நாள்தோறும் கையாண்டவர். ஹொசகோட்டே, நெலமங்கலா வட்டாரங்களில் பெருகியுள்ள பெருங்கிடங்குகளில் மேற்பார்வையாளர் செய்யும் வேலையும் இதுவே. ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காணப்படுவது ஒரு தொழிற்பெயரும் சில சுருக்கக் குறியீடுகளும் மட்டுமே.

விமானப் படைவீரரின் நிலை இன்னும் கூர்மையானது. 20 ஆண்டு ஒப்பந்தம் முடிந்து நாற்பதை நெருங்கும் வயதில் வெளிவரும் அவர், போர் விமானத்தின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவராக இருக்கலாம். எனினும் பயணிகள் விமானம் ஒன்று பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிட வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமத்தை அவர் பெற்றாக வேண்டும். அதற்கான தாள்களைப் பணியிலிருக்கும்போதே படிப்படியாக எழுதியவருக்கும், ஓய்வுக்குப் பின் தொடங்குபவருக்கும் உள்ள வேறுபாடு பல ஆண்டுகளின் வருமானமாகும்.

படைத் தொழில்களையும் குடிமைத் தொழில்களையும் இணையாகக் காட்டும் அட்டவணைகள் அரசிடம் உண்டு. அவை வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் படைவீரர் நல அலுவலகங்களிலும் பயன்படுபவை. தனியார் துறையில் ஆள் தேர்ந்தெடுப்போருக்கு அவை தெரிந்திருப்பதில்லை. அரசு வகுத்த இணைப்பு அரசின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

பயிற்சி எப்போது தொடங்க வேண்டும்?

மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் பணியின் இறுதிக் கட்டத்தில் உள்ளோருக்குப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அதிகாரிகளுக்கு மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் 24 வாரப் பயிற்சி உண்டு. பிற வீரருக்குக் கட்டணமின்றித் தொழிற்பயிற்சி அளிக்கப்படுகிறது. இவை பயனுள்ளவையே. ஆயினும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கற்கும் புதுத்தொழில், 20 ஆண்டுகள் செய்த தொழிலுக்கு ஈடாகாது. கடைசி ஆண்டில் புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைக் காட்டிலும், முதல் ஆண்டிலிருந்து செய்துவரும் வேலைக்கே அவ்வப்போது குடிமைச் சான்று வழங்கிவருவது சிறந்தது.

அதிகாரிகளுக்கும் கவலை உண்டு. குறுகிய காலப் பணியில் 10 அல்லது 14 ஆண்டுகள் முடித்து வெளிவரும் அதிகாரிக்குப் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. அவர்களுள் சிலர் பெருவெற்றி கண்டுள்ளனர். 1971 போரில் பங்கு கொண்ட கேப்டன் கோ. ரா. கோபிநாத், எட்டு ஆண்டுப் பணிக்குப் பின் படையை விட்டு விலகி, ஹாசன் மாவட்டத்தில் இயற்கைவழி வேளாண்மையில் ஈடுபட்டார். 2003இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு குறைந்த கட்டண விமானச் சேவையான ஏர் டெக்கானைத் தொடங்கினார். இத்தகையோரின் வாழ்க்கை ஊக்கமளிப்பது. ஆனால் தனிமனிதரின் துணிவை எடுத்துக்காட்டி, அமைப்பு செய்ய வேண்டிய கடமையை மறந்துவிடலாகாது.

புதிய சூழல்

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இவ்வினாவை மேலும் அவசரமாக்கியுள்ளது. இத்திட்டத்தில் சேரும் அக்னிவீரர் நான்கு ஆண்டு பணிபுரிவார். அவர்களுள் 25 சதவீதம் வரையிலானோர் நிலைப்பணியில் சேர்த்துக்கொள்ளப்படுவர் என அறிவிக்கப்பட்டது. மற்றவர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியுடன் வெளியேறுவர். அவர்களுக்கு ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கென 10 சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022இல் அறிவிக்கப்பட்டன. முதல் அணியினர் பயிற்சியில் சேர்ந்தது 2022 இறுதியில். அவர்களுடைய நான்கு ஆண்டுகள் 2026 இறுதியிலிருந்து நிறைவுறத் தொடங்கும். பெங்களூருவின் பயிற்சி மையங்களும் அக்னிவீரரைப் பயிற்றுவித்து வருகின்றன. பெண் வீரரும் இதில் அடங்குவர். 2021 மே 8 அன்று ராணுவக் காவல் படையின் முதல் பெண் வீரர் அணியினர் 83 பேர் இந்நகரில்தான் பயிற்சி முடித்தனர். வரும் ஆண்டுகளில் குடிமை வாழ்வுக்குத் திரும்புவோரில் மகளிரும் இருப்பர் என்பதை நல அலுவலகங்கள் இப்போதே கருத்தில் கொள்ள வேண்டும்.

அக்னிவீரர் வெளிவரும்போது வயது இருபதுகளில் இருக்கும். குடும்பச் சுமை குறைவு. ஆனால் அனுபவமும் குறைவு. இவர்களுக்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழி மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்று 2022இல் அறிவிக்கப்பட்டது. பட்டத்துக்குரிய மதிப்பலகுகளில் பாதி, படையில் பெற்ற தொழிற்பயிற்சிக்கே வழங்கப்படும் என்பது அதன் சிறப்பு. மீதிப் பாதியை அவர் படித்துத் தேற வேண்டும். நாம் மேலே கூறிய மொழிபெயர்ப்பு, பணிக்காலத்திலேயே நிகழ்வதற்கு இது ஒரு முன்மாதிரி. நான்கு ஆண்டு பணிபுரிபவருக்கு இது பொருந்துமாயின், 20 ஆண்டு பணிபுரிபவருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை சில உள. ஒதுக்கீட்டு இடம் நிரம்பவில்லை என்று கோப்பில் எழுதி முடிப்பதோடு நில்லாமல், அவ்விடத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எந்தக் கட்டத்தில் நீங்கினர், எத்தகுதி இன்மையால் நீங்கினர் என்று மூன்று வரிகளையேனும் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவே அடுத்த ஆண்டின் பயிற்சிக்கு வழிகாட்டியாகும். படைவீரர் நல அலுவலகங்கள், தம்மிடம் பதிவு செய்தோரின் தொழிலைக் குடிமைச் சொல்லில் எழுதிய ஒருபக்கக் குறிப்பை அணியம் செய்து, வட்டாரத் தொழிலகங்களுக்கு அனுப்பலாம். பெங்களூருவில் கரியப்பா சாலையில் உள்ள மாநிலப் படைவீரர் நலத் துறைக்கும் நகரின் தொழில் அமைப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டரே. அத்தொலைவைக் கடக்கப் பெருஞ்செலவு தேவையில்லை.

வீரரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். பணிக்காலத்திலேயே குடிமை ஓட்டுநர் உரிமம், தொழிற்சான்று, திறந்தநிலைப் பட்டம் ஆகியவற்றைப் பெற முயல வேண்டும். தாம் எத்தனை பேரை மேற்பார்த்தோம், எந்தக் கருவியைப் பராமரித்தோம், எவ்வளவு மதிப்புள்ள பொருளைக் காத்தோம் என்பதை எளிய சொற்களில் எழுதப் பழக வேண்டும். படையில் நேற்றுவரை சுபேதாராக மதிக்கப்பட்டவர், இன்று தம்மைவிட இருபது வயது இளையவரிடம் உத்தரவு பெறும் நிலை வரலாம். அம்மாற்றத்தைக் குடும்பத்தாரோடு முன்கூட்டியே பேசி ஏற்றுக்கொள்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மனிதவளத் திட்டமிடல் என்பது புதியோரைப் பயிற்றுவிப்பதோடு முடிவதில்லை. பயிற்சி பெற்றோரை ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் சேதமின்றி மாற்றுவதும் அதன் பணியே. 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தைத் தோற்றுவித்த தேவை இன்னும் தீரவில்லை. ஆண்டுதோறும் வெளிவரும் 60,000 பேரின் கைகளில் இந்நாடு முதலீடு செய்த தொழிலறிவு இருக்கிறது. அதைப் படித்தறியும் எழுத்தை உருவாக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை. அக்கடமை நிறைவேறும்போது ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பும். ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் அவர்கள் தம் தகுதியாலேயே அமர்வர்.